வராத கை முதலில்

பினாங்கு மாநில ஆலய நிர்வாகங்களுக்கும் கல்வி நிதி வழங்கும் இந்தியச் சமூக அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். ஆண்டுதோறும் நீங்கள் வழங்கும் கல்வி நிதியில் ஒரு பங்கை, ஆக்குபேஷனல் தெரபி உதவியாளராகப் பயிற்சி பெற விரும்புகிறவர்களுக்கு ஒதுக்குங்கள். எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு 46 வயதாகிறது. பிறையில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆப்பரேட்டராக இருந்தேன். கடந்த ஒன்பது ஆண்டுகளாக, பக்கவாதம் வந்த பெரியவர்களும் உடல் இயக்கக் குறைபாடுள்ள குழந்தைகளும் வந்துபோகும் ஒரு மறுவாழ்வு மையத்தில் தெரபி உதவியாளராக இருக்கிறேன். எனக்குப் பின்னால் வரும் பிள்ளைகள் நான் வந்த வழியில் வரக்கூடாது. அதனால் கேட்கிறேன்.

இந்த வேலையின் பெயரே பலரைக் குழப்புகிறது. அரசு மருத்துவமனையில் அறைக் கதவின் மேல் மலாயில் ‘பெமுலிஹான் சாரா கெர்ஜா’ என்று எழுதியிருக்கும். டாக்டர் ‘ஓ.டி.க்குப் போங்க’ என்பார். தமிழில் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்கிறோம். அதைக் கேட்டுவிட்டு, “எழுபது வயசாச்சு, இனிமே நான் என்னம்மா வேலைக்கா போகப் போறேன்?” என்று திரும்பிப் போன ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். இங்கே தொழில் என்றால் சம்பளத்துக்குச் செய்யும் வேலை இல்லை. இறைவனுக்கு ஐந்தொழில் என்கிறோமே, அந்தத் தொழில். செயல். பல் துலக்குவது, சட்டை மாட்டுவது, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவது, கழிவறைக்குப் போய் வருவது, விளக்கில் திரி போட்டு ஏற்றுவது, குழந்தையென்றால் பென்சில் பிடிப்பது, விளையாடுவது. பிசியோதெரபி நடக்க வைக்கும். நடந்துபோய்க் குளியலறையில் வழுக்கி விழாமல் குளித்து, உடுத்திக்கொண்டு, அடுப்படியில் ஒரு டீ ஆற்றிக் குடிக்கிற வரைக்கும் பார்ப்பது ஓ.டி.

1917 மார்ச்சில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சிலர் கூடி இந்தத் துறைக்குச் சங்கம் அமைத்தார்கள். கூட்டியவர்களில் ஒருவரான ஜார்ஜ் பார்டன் ஒரு கட்டடக் கலைஞர். காசநோயால் அவதிப்பட்டவர், உடலின் இடது பக்கம் செயலிழந்தவர். தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து செய்தே தம்மைத் தேற்றிக்கொண்டவர். நோயாளி ஒருவர் தொடக்கத்திலேயே உட்கார்ந்திருந்த துறை இது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

தெரபிஸ்ட் வேறு, உதவியாளர் வேறு. நோயாளியைச் சோதித்து, எது முடிகிறது எது முடியவில்லை என்று மதிப்பிட்டு, திட்டம் போடுகிறவர் தெரபிஸ்ட். அந்தத் திட்டத்தை நாள்தோறும் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து செய்விப்பவர் உதவியாளர். இன்று என்ன நடந்தது என்று எழுதி வைப்போம். மாற்றம் தெரிந்தால் உடனே சொல்வோம். திட்டத்தை நாமாக மாற்றக் கூடாது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்முறைச் சட்டம், அதாவது 774ஆம் சட்டம், ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளைப் பதிவுக்கு உட்படுத்துகிறது. 2020 ஜூலையிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. அதனால் யாராவது பெற்றோர் என்னைத் ‘தெரபிஸ்ட்’ என்று அழைத்தால் ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். “நான் உதவியாளர்ங்க. தெரபிஸ்ட் அவங்க.”

எங்கள் மையத்துத் தெரபிஸ்ட் ஒரு மலாய்ப் பெண்மணி. ‘காக்’, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. முதல் நாள் முதல் பாடம் ஒரு சட்டை. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது வராத கை, அதாவது செயலிழந்த கை, முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது வருகிற கை முதலில் வெளியே வர வேண்டும். இதை மாற்றிச் செய்தால் செயலிழந்த தோளை இழுத்து முறுக்குவோம். பிடிமானம் தளர்ந்த தோள் ஏற்கெனவே குழியிலிருந்து இறங்கி நிற்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் அதே கேடு. நம் வீடுகளில் மகனும் மருமகளும் அன்போடு அப்படித்தான் தூக்குகிறார்கள். சக்கர நாற்காலியில் இடம் மாற்றும்போது இரண்டு பிரேக்கையும் பூட்டி, கால் பலகையை மடக்கி, பலமுள்ள பக்கமாக நகர வைக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குக் காட்டித் தரவில்லை. ஆறு மாதம் கழித்துத் தோள் வலி என்று வருவார்கள். அந்த வலி வராமலே தடுத்திருக்கலாம்.

நம் ஆட்கள் இந்த அறைகளில் குறைவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்தால் பக்கவாதம் எங்கே போகும்? 2030 வாக்கில் நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 15 விழுக்காடு இருப்பார்கள் என்று அரசாங்கமே கணித்திருக்கிறது. அவர்களில் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் பாதியில் நின்று, மலாயைச் சந்தையிலும் தவுக்கேயிடமும் (முதலாளியிடமும்) மட்டும் பேசிய நம் பாட்டிமார்கள் இன்னும் நிறையப் பேர்.

அப்படி ஒரு பாட்டியை மறக்க முடியவில்லை. மூளையின் வலது பக்கத்தில் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டு வந்தவர். எங்களிடம் வருவதற்கு முன் வேறோர் இடத்தில் அவருக்கு நினைவாற்றல் சோதனை செய்திருந்தார்கள். மலாயில் கேட்டிருக்கிறார்கள். இது என்ன மாதம் என்ற கேள்விக்குத் தவறான பதில் என்று குறித்திருந்தது. நான் தமிழில் கேட்டேன். “ஆடி பொறந்து பத்து நாளாச்சும்மா, இன்னும் கூழு ஊத்தலையே” என்றார். நாள்காட்டியைப் பார்த்தேன். ஜூலை 27. ஆடி 11. கேட்டவர் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் தாளில் இருந்ததைக் கேட்டார். ஆனால் அந்த ஒரு தாளை வைத்துத்தான் ‘குழப்ப நிலை, பயிற்சியால் பலன் குறைவு’ என்ற முடிவு பாட்டியின் கோப்பில் ஏறியிருந்தது. நான் காக்கிடம் சொன்னேன். அவர் என்னை மொழிபெயர்க்க வைத்து முழுச் சோதனையையும் திரும்பச் செய்தார். பாட்டிக்குக் குழப்பம் இல்லை. அவருக்கு இருந்தது இடப்பக்கப் புறக்கணிப்பு. தட்டின் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இடது பாதியை அப்படியே விட்டிருந்தார். கண்ணில் பழுதில்லை, மூளைக்கு அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே தோன்றுவதில்லை. தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டினோம். ‘சிவப்பு தெரியிற வரைக்கும் தலையைத் திருப்புங்க பாட்டி’ என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினோம். மூன்றாவது வாரம் ரசத்தை இடப்பக்கம் ஊற்றிக்கொண்டு அவரே சாப்பிட்டார்.

வலியைச் சொல்லவும் மொழி வேண்டும். மலாயில் ‘சாகிட்’ (வலி) என்பார்கள், இல்லாவிட்டால் ‘கெபாஸ்’ (மரத்துப்போதல்) என்பார்கள். நம் பெரியவர்கள் சொல்வது மரத்துப்போச்சு, மதமதன்னு இருக்கு, விறுவிறுங்குது, சுருக்குனு குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, இழுத்துப் பிடிக்குது. மரத்துப்போன கைக்கு வெந்நீர் பட்டால் தெரியாது, கொப்புளம் போட்டுவிடும். எரிகிற கைக்குத் தொடுதலே தாங்காது. இழுத்துப் பிடிக்கிற கைக்கு மெதுவான நீட்டல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கவனிக்க வேண்டியது வேறு. எங்கள் காக் ஒரு நோட்டில் இந்தச் சொற்களையெல்லாம் ரோமன் எழுத்தில் எழுதிப் பொருள் குறித்து வைத்திருக்கிறார். அவருக்கு இருக்கும் அக்கறையில் பாதி நமக்கு இருந்தால் போதும்.

இந்தத் துறையில் செயல் பகுப்பாய்வு என்று ஒரு பாடம் உண்டு. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் தடுக்கிறது என்று கண்டுபிடிப்பது. பாடத்தாள்களில் கரண்டியும் முள்கரண்டியும் இருக்கும். நம் நோயாளிகள் கையால் சாப்பிடுகிறார்கள். கையால் சாப்பிடுவதைப் பிரித்துப் பாருங்கள். விரல் நுனி சூட்டை உணர வேண்டும். நான்கு விரலும் வளைந்து கிண்ணம் போலாக வேண்டும். மணிக்கட்டு சற்றே மேல்நோக்கி நிற்க வேண்டும். சோற்றை உருட்டும்போது எவ்வளவு அழுத்துவது என்று கைக்குத் தெரிய வேண்டும். வாயருகே வந்ததும் கட்டை விரல் பின்னாலிருந்து தள்ள வேண்டும். இந்தக் கட்டை விரல் தள்ளுதான் கடைசியில் வரும். கரண்டி கொடுத்துவிட்டால் ‘உணவு உண்ணல்: தானாகச் செய்கிறார்’ என்று எழுதிவிடலாம். ஆனால் கல்யாண வீட்டில் இலைக்கு முன் கரண்டியோடு உட்கார வெட்கப்பட்டு, போகாமலே இருந்துவிட்ட ஒரு மாமாவுக்கு அந்தத் தள்ளு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அவருக்கு முதலில் மாவு உருண்டை, பிறகு அவல், பிறகு தயிர்சாதம் என்று பழக்கினோம்.

பூக் கட்டுவதையும் சொல்ல வேண்டும். இரண்டு கையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு செய்யும் வேலைகளில் அதைவிட நல்ல பயிற்சி நான் பார்க்கவில்லை. ஒரு கை காம்பை அடுக்கிப் பிடிக்க, மறு கை நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். தேங்காய் துருவுவது, முறுக்கு அச்சைப் பிழிவது, கோலப்பொடியை இரு விரலில் அளந்து விடுவது எல்லாம் இந்த அறைக்குள் வர வேண்டியவை. நம் பெண்களுக்கு இவை தண்ணீர்பட்ட பாடு. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மதிப்பெண் குறைந்த ஒரு பிள்ளை, பாட்டியோடு வளர்ந்த பிள்ளை, இந்த அறிவோடுதான் வருகிறாள். எலும்பும் தசையும் நரம்பும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இனி, நான் வந்த வழியைச் சொல்கிறேன். தொழிற்சாலையை விட்டபின் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் ஆறு மாதப் படிப்பில் சேர்ந்தேன். கட்டணம் 4,500 வெள்ளி (ரிங்கிட்). தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையை அடகு வைத்துக் கட்டினேன். வகுப்பில் படக்காட்சிகளும் அச்சிட்ட தாள்களும்தான். ஒரு நோயாளியைக்கூட நான் தொடவில்லை. கையில் தந்த சான்றிதழ் பளபளப்பாக இருந்தது. அது மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டிலும் இல்லை, திறன் மேம்பாட்டுத் துறையின் சான்றிதழும் இல்லை என்பதை வேலை தேடிய இடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அதைவிட வேதனை, அந்தத் தாளை வைத்துக்கொண்டே ஒரு குழந்தைகள் மையம் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டதுதான். தெரபிஸ்ட் வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற நாள்களில் மூடிய அறைக்குள் நானும் குழந்தையும். பெற்றோர் ஒரு மணி நேரத்துக்கு 120 வெள்ளி கட்டினார்கள். மூளை முடக்குவாதம் உள்ள நான்கு வயதுப் பையன் ஒருவன். முழங்கை எப்போதும் மடங்கி இறுகியிருக்கும். நீட்ட வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது, நீட்டினேன். அவன் அழுதான். வலியில் அழுகிறானா, பிடிக்காமல் அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அவனால் சொல்ல முடியாது. வெளியே அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் இன்னும் கொஞ்சம் வேகமாக நீட்டினேன். பிற்பாடுதான் காக் சொல்லிக் கொடுத்தார்: இறுகிய தசையை வேகமாக இழுத்தால் அனிச்சையாக அது இன்னும் இறுகும், மெல்ல நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால்தான் விட்டுக் கொடுக்கும். அந்த மூன்று மாதமும் நான் அந்தப் பிள்ளைக்குச் செய்தது சிகிச்சை இல்லை. அவனுக்கு இப்போது பதினான்கு வயதுக்கு மேல் ஆகியிருக்கும். என்னால் திருப்பித் தர முடியாத கடன் அது.

ஆகவேதான் வெறும் நிதி மட்டும் கேட்கவில்லை. நிதி எங்கே போகிறது என்பதில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறேன். அமெரிக்காவில் ஓ.டி. உதவியாளர் ஆக இரண்டாண்டு அளவிலான கல்லூரிப் படிப்பு உண்டு. அதில் குறைந்தது 16 வாரம் முழுநேரக் களப்பயிற்சி. அதன்பின் தேசியத் தேர்வு, மாநில உரிமம். அந்த 16 வாரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கை நோயாளியின் கையில் இருக்க, கண் அனுபவமுள்ள ஒருவருடையதாக இருக்கும் காலம் அது. நோயாளியைத் தொடாமல் தரப்படும் எந்தச் சான்றிதழுக்கும் ஆலயப் பணத்திலிருந்து ஒரு காசும் போகக் கூடாது.

நம் நாட்டிலேயே அதற்கு ஒத்த வழி ஒன்று இருக்கிறது. மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை 2005இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறை, எஸ்.எல்.டி.என். என்பார்கள். பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில் நடக்கும், மீதி வகுப்பில். முடித்தால் மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்.கே.எம். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் அந்த அனுபவத்தைக் காட்டியே சான்றிதழ் பெறும் வழியையும் அந்தத் துறை வைத்திருக்கிறது. தெரபி உதவியாளர் வேலைக்கு எந்தத் திறன் தரம் பொருந்தும், எந்த மையம் அதற்கு அங்கீகாரம் பெறலாம் என்று அமைப்பின் பெயரில் கடிதம் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். நான் ஒருத்தி முகப்பில் நின்று கேட்டால் ஒரு துண்டுத்தாள் தருவார்கள். முப்பது ஆலயங்களின் முத்திரையோடு கடிதம் போனால் அதிகாரி உட்கார்ந்து படிப்பார்.

பதிவு பெற்ற தெரபிஸ்டின் நேரடிக் கண்காணிப்பில் ஆறு மாதமோ ஓராண்டோ பயிற்சி தர இணங்கும் மையங்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். பயிற்சிக் காலத்தில் பிள்ளைகளுக்கு மாதப்படி கொடுங்கள். கட்டணத்தைவிட இதுதான் பலரை நிறுத்துகிறது. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வந்துபோகும் செலவும் சாப்பாடும் இல்லாமல், வீட்டுக்கு ஒரு வெள்ளியும் தராமல், எந்தக் குடும்பம் ஓராண்டு ஒரு பிள்ளையை அனுப்பும்? பதினெட்டு வயதுக்காரர்களுக்கு மட்டும் என்று வரம்பு வைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்ட தாய்மார்கள், மாமியாரை மூன்று வருடம் படுக்கையில் பார்த்துக்கொண்டவர்கள், இந்த வேலைக்குப் பாதி தயாரானவர்கள். ஆண்களும் வேண்டும். தாத்தாக்களைக் குளிக்க வைக்கும் பயிற்சியில் ஒரு பெண் பக்கத்தில் நின்றால் அவர்கள் கூசிப்போய் ஒத்துழைப்பதில்லை.

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் மண்டபங்களில் வழிகாட்டிக் கருத்தரங்கு நடத்துகிறீர்கள். அங்கே இந்தத் துறைக்கும் ஒரு மேசை போடுங்கள். அறிவியலில் நல்ல தேர்ச்சி பெற்றவர்களுக்குச் சுகாதார அமைச்சின் கல்லூரியில் டிப்ளோமா இருக்கிறது, கோலாலம்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் புலத்தில் பட்டப்படிப்பே இருக்கிறது. மற்றவர்களுக்கு உதவியாளர் வழி. சமூக நலத் துறையின் கீழ் நாடெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கின்றன. 1996இல் தொடங்கிய தேசியப் பக்கவாதச் சங்கமான நாசாம் பினாங்கிலும் மையம் வைத்திருக்கிறது. பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப்போய் அப்படிப்பட்ட இடங்களைக் காட்டுங்கள். பிடிக்காதவர்கள் அன்றைக்கே தெரிந்துகொள்வார்கள். வாயிலிருந்து எச்சில் வடிவதைத் துடைக்க வேண்டியிருக்கும், மலசலம் அள்ள வேண்டியிருக்கும், முதுகு வலிக்கும், சம்பளமும் பெரிதில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பார்தெல் அளவீடு என்று ஒன்று 1965இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இன்றும் பயன்படுத்துகிறோம். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது என்று பத்துச் செயல்களுக்கு மொத்தம் நூறு புள்ளி. அதில் ஒன்று படியேறுவது. எங்கள் மையத்துக்கு வரும் ஓர் அங்கிள், லாரி ஓட்டுநராக இருந்தவர், அந்தக் கட்டத்தைக் காட்டி, “இதுல எனக்குப் பத்துப் புள்ளி வேணாம், தண்ணீர்மலை வேணும்” என்றார். அந்த மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி சந்நிதிக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். ஏறும்போது வருகிற கால் முதலில், இறங்கும்போது வராத கால் முதலில். இப்போது மையத்தின் பின்படிக்கட்டில் இரண்டு மாடி, பதினெட்டுப் படி வீதம், கைப்பிடியோடு ஏறி இறங்குகிறார். காக் திட்டத்தை மாற்றி, கைப்பிடியில் தொங்காமல் தொட்டுக்கொண்டு மட்டும் ஏறப் பழக்கச் சொல்லியிருக்கிறார். நான் ஒரு படி கீழே நின்று இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே போகிறேன்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் எனக்குப் பதினைந்து நிமிடம் தாருங்கள். ஒரு முழுக்கைச் சட்டையும் ஒரு வாழையிலையும் கொஞ்சம் தயிர்சாதமும் நானே கொண்டுவருகிறேன். உங்களில் ஒருவர் வலது கையை மடியில் அசையாமல் வைத்துக்கொண்டு, இடது கையால் அந்தச் சட்டையைப் போட்டு, பொத்தானும் பூட்டிக்கொண்டு, இலையின் முன் உட்காரட்டும். அதன்பின் நிதியைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
பிறையிலிருந்து ஒரு தெரபி உதவியாளர்